நடுக்கடல் சண்டையில் "லெஃப்ட்" என்றால் யாருடைய லெஃப்ட்?

கேள்வி இதுதான்: நான்கு நண்பர்கள் சேர்ந்து சீ ஆஃப் தீவ்ஸ் என்ற கடற்கொள்ளையர் வீடியோ கேமில் கேலியன், அதாவது நாலு பேர் ஓட்டும் பெரிய கப்பல், ஓட்டுகிறார்கள். சும்மா போகும்போது பிரச்சினை இல்லை. எதிரிக் கப்பல் கண்ணில் பட்டதும் ஆளாளுக்கு "அங்க பாரு", "லெஃப்ட்டு, லெஃப்ட்டு" என்று கத்துகிறார்கள், ஒருவருக்கும் எதுவும் புரிவதில்லை. எல்லாரும் கடலோடிகளைப் போல இடப்பக்கத்துக்குப் போர்ட், வலப்பக்கத்துக்கு ஸ்டார்போர்டு என்று முறையாகக் கற்றுக்கொண்டால் இது சரியாகிவிடுமா?

ஆகாது. குழப்பம் சொல்லில் இல்லை. "லெஃப்ட்" என்று கத்துகிறவர் யாருடைய லெஃப்டைச் சொல்கிறார் என்பதில்தான் இருக்கிறது. கேலியனில் பக்கத்துக்கு நான்கு பீரங்கி, மொத்தம் 8. வலப்பக்கப் பீரங்கியில் நிற்பவர் கடலைப் பார்த்தபடி நிற்கிறார். அவருடைய இடது கை கப்பலின் முன்பக்கத்தைக் காட்டும். இடப்பக்கப் பீரங்கியில் நிற்பவரும் கடலைப் பார்த்துத்தான் நிற்கிறார், ஆனால் அவருடைய இடது கை கப்பலின் பின்பக்கத்தைக் காட்டும். வீலைப் பிடித்திருப்பவர் முன்னால் பார்க்கிறார், துரத்தி வருகிறவனைக் கவனிக்கிறவர் பின்னால் பார்க்கிறார். இந்த நாலு பேரும் தத்தம் முகத்தை வைத்து "லெஃப்ட்" என்றால் நாலு லெஃப்ட் கிடைக்கும்.

அதனால் முதல் ஒப்பந்தம்: லெஃப்ட், ரைட் இரண்டும் கப்பலுக்குச் சொந்தம், ஆளுக்கு இல்லை. கப்பலின் முன்பக்கத்தைப் பார்த்து நின்றால் எது இடமோ அதுதான் எல்லாருக்கும் லெஃப்ட். நீங்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாலும் அதேதான். போர்ட், ஸ்டார்போர்டு என்ற சொற்கள் உண்மையில் இந்த ஒப்பந்தத்துக்காகத்தான் இருக்கின்றன. அவற்றைச் சொன்னாலே கப்பலின் பக்கம் என்று புரிந்துவிடும். ஆனால் பழக்கமில்லாதவர் சண்டை நடுவே "போர்ட்னா எது?" என்று ஒரு நொடி யோசிப்பார். அந்த ஒரு நொடியில் கப்பல் பாறையில் ஏறிவிடும். ஒப்பந்தம் இருந்தால் லெஃப்ட், ரைட் போதும்.

போர்ட், ஸ்டார்போர்டுக்கு இன்னொரு குறையும் உண்டு. பேசும் பொத்தானை அழுத்திப் பேசுகிறவர்களுக்கு முதல் அசை அடிக்கடி வெட்டுப்படும். "ஸ்டார்போர்ட்" என்பதில் தலை வெட்டுப்பட்டால் மிஞ்சுவது "போர்ட்". நேர் எதிர்ப்பக்கம்! கடற்படைக்காரர்களே இதுபோன்ற ஒரு தொல்லையை அனுபவித்தவர்கள்தான். ஒரு காலத்தில் இடப்பக்கத்துக்கு "லார்போர்டு" என்று பெயர். காற்றிலும் அலைச் சத்தத்திலும் அது ஸ்டார்போர்டோடு குழம்பியதால் பிரிட்டிஷ் கடற்படை 1844-ல் அதைக் கைவிட்டு "போர்ட்" என்று மாற்றியது. அமெரிக்கக் கடற்படை 1846-ல் அதையே செய்தது. அப்படி மாற்றியும் மைக்கில் இந்த ஓட்டை மிச்சம் இருக்கிறது.

சரி, "இடது, வலது" என்று சொல்லலாமே என்றால், அது இன்னும் மோசம். இரண்டும் மூன்றெழுத்து, ஒரே ஓசை, ஒரே முடிவு. பீரங்கிச் சத்தத்தில் "-அது" மட்டும்தான் காதில் விழும். லெஃப்ட், ரைட் இரண்டும் ஓசையில் நன்றாக விலகி நிற்கின்றன. ஆனால் நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது: "சரி" என்பதற்கும் "ரைட்டு" என்போம். "லெஃப்ட்டா திருப்பவா?" "ரைட்டு!" இது எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை. ஆக, கப்பலில் ஏறினால் ரைட் என்பது திசைக்கு மட்டும். சம்மதத்துக்கு "சரி" அல்லது "ஓகே". இந்த ஒன்றை மட்டும் கடைப்பிடித்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்தது, எல்லாரும் கவனிக்காமல் விடும் விஷயம். "லெஃப்ட்!" என்ற ஒற்றைக் கத்தலுக்கு இரண்டு பொருள் உண்டு: எதிரி லெஃப்ட்டில் இருக்கிறான், அல்லது கப்பலை லெஃப்ட்டில் திருப்பு. பாய்மரத்தின் மேலிருந்து ஒருவர் எதிரியைக் காட்டுவதற்காகக் கத்துகிறார். வீலில் இருப்பவர் பாறை வருகிறது போல என்று திருப்பிவிடுகிறார். பீரங்கிக்காரர் குறி வைத்து முடித்த நேரத்தில் கப்பல் எதிரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். குறிதவறிய குண்டுக்குக் கோபப்பட்டு, அடுத்த இரண்டு நிமிடம் யார் மேல் தப்பு என்ற விசாரணை வேறு.

வினைச்சொல்லைச் சேர்த்துச் சொன்னால் போதுமே என்று தோன்றும். ஆனால் தமிழில் வினை கடைசியில்தான் வரும். "லெஃப்ட்ல கப்பல்", "லெஃப்ட்ல திருப்பு" இரண்டும் "லெஃப்ட்ல" வரை ஒன்றுதான். அவசரத்தில் பொத்தானைச் சீக்கிரம் விட்டுவிட்டால் வால் அறுந்துபோகும், கேட்பவர் பாதியிலேயே முடிவெடுத்துவிடுவார். அதனால் விஷயத்தை முதலில் போடுங்கள்: "திருப்பு லெஃப்ட்", "கப்பல் லெஃப்ட்", "பாறை ரைட்", "ஏணி லெஃப்ட்". பேச்சுத் தமிழில் இப்படி மாற்றிச் சொல்வது நமக்கு இயல்பாகவே வரும், செயற்கையாக இருக்காது. "திருப்பு" என்று காதில் விழுந்தால் வீல்காரர் மட்டும் உஷாராவார். "கப்பல்" என்று விழுந்தால் பீரங்கிக்காரர்கள் உஷாராவார்கள். "ஏணி" என்றால் எவனோ ஏறி வருகிறான், வாளை எடு.

இல்லை என்று சொல்வதிலும் இதே சிக்கல்தான். "லெஃப்ட் இல்ல, ரைட்!" என்று ஒருவர் கத்தும்போது முதலில் காதில் விழுவது லெஃப்ட். "இல்ல" வந்து சேர்வதற்குள் கை திருப்பிவிடும். தவறான திசையின் பெயரைத் திருத்தும்போது வாயில் எடுக்கவே கூடாது. "தப்பு. திருப்பு ரைட்." முடிந்தது.

பக்கத்தைச் சொல்லியாயிற்று. எவ்வளவு தூரம் முன்னால், எவ்வளவு பின்னால்? விமானிகள் பயன்படுத்தும் கடிகார முறையைப் பலர் பரிந்துரைப்பார்கள்: முன்பக்கம் 12 மணி, வலம் 3, பின்பக்கம் 6, இடம் 9. ஒவ்வொரு மணிக்கும் 30 பாகை, பீரங்கிக்கு அது தாராளம். ஆங்கிலத்தில் எண் சொல்லும் குழுவுக்கு நல்ல முறைதான். தமிழில் சொல்லிப் பாருங்கள்: "ஒண்ணு", "பதினொண்ணு". தலை வெட்டுப்பட்டால் பதினொன்று ஒன்றாகிவிடும், அதாவது இடப்பக்க எதிரி வலப்பக்கம் போய்விடுவான். "ரெண்டு", "பன்னெண்டு" கதையும் அதேதான். விமான வானொலியில்கூட ஆங்கில நைன், ஃபைவ் குழம்பக் கூடாது என்று நைனை "நைனர்" என்றுதான் சொல்ல வேண்டும் என வைத்திருக்கிறார்கள். கடிகாரம்தான் வேண்டும் என்றால் பக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "கப்பல் லெஃப்ட், பதினொண்ணு." இரண்டில் ஒன்று வெட்டுப்பட்டாலும் மற்றது காப்பாற்றும்.

என்னைக் கேட்டால் கடிகாரமே வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகப் பிரித்தால் போதும். ஆனால் அவற்றுக்கு "முன், நடு, பின்" என்று பெயர் வைக்காதீர்கள். முன்னும் பின்னும் மறுபடியும் ஒரே ஓசை. "மூக்கு, நடு, வால்" என்று வையுங்கள். முதல் நாள் எல்லாரும் சிரிப்பார்கள், இரண்டாம் நாள் பழகிவிடும். "கப்பல் ரைட் மூக்கு" என்றால் வலப்பக்கம், முன்பகுதியை ஒட்டி. "கப்பல் லெஃப்ட் வால்" என்றால் இடப்பக்கம் பின்னாலிருந்து வருகிறான். நேர் முன்னால் என்றால் "மூக்குக்கு நேர்". ஆக மொத்தம் எட்டுத் திசை, எல்லாம் ஓசையில் தனித்தனி. பீரங்கிக்காரர் அந்தப் பக்கம் திரும்பினால் கண் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். துல்லியமாகப் பாகை சொல்லி யாரும் பீரங்கி சுடப்போவதில்லை.

கப்பல் நேராகப் போகும் வரை இதெல்லாம் அழகாக வேலை செய்யும். திரும்ப ஆரம்பித்தால் சொன்ன திசை சில நொடியில் பழசாகிவிடும். "கப்பல் ரைட் மூக்கு" என்று சொல்லி முடிப்பதற்குள் அவன் ரைட் நடுவுக்கு வந்திருப்பான். அந்த நேரத்தில் மாறாமல் இருப்பவை இரண்டு: திசைகாட்டியும் தீவும். "கப்பல் வடக்கே", "கப்பல் அந்த எரிமலைத் தீவுப் பக்கம்" என்பது கப்பல் எப்படிச் சுழன்றாலும் செல்லும். அப்படியானால் எப்போதும் வடக்கு, தெற்கு என்றே சொல்லலாமே? முடியாது. வீல்காரருக்கு எதிரிலேயே திசைகாட்டி இருக்கிறது. பீரங்கியில் நிற்பவர் அதைப் பார்க்க வேண்டுமானால் பீரங்கியை விட்டுவிட்டுக் கையிலிருக்கும் திசைகாட்டியை எடுக்க வேண்டும். அதனால் பாய்மர உச்சியிலிருப்பவரும் வரைபடம் பார்ப்பவரும் வீல்காரரிடம் பேசும்போது திசைகாட்டி மொழி, பீரங்கிக்காரரிடம் பேசும்போது கப்பல் மொழி. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்காமல் இருந்தால் போதும்.

இன்னொரு வழியும் உண்டு, தேர்ந்த வீல்காரர்கள் செய்வது: இருப்பதைச் சொல்லாமல் வரப்போவதைச் சொல்வது. "ரைட் பீரங்கி தயார், திருப்பப் போறேன்" என்று வீல்காரர் முன்கூட்டியே சொன்னால் ஆட்கள் ஓடிவந்து குண்டு போட்டுக் காத்திருப்பார்கள். திருப்பி முடித்தபிறகு "ரைட்ல இருக்கான் சுடுங்கடா" என்றால், அவர்கள் லெஃப்ட்டிலிருந்து ஓடிவருவதற்குள் வாய்ப்பு போய்விடும். எந்தப் பக்கம் காட்டப்போகிறோம் என்பது வீல்காரர் தலைக்குள் மட்டும் இருக்கும் ரகசியமாக இருக்கக் கூடாது. சண்டையில் மிக மதிப்புள்ள திசைத்தகவல் இதுதான், அதிகம் சொல்லப்படாததும் இதுதான்.

இனி வீல். கேலியனில் பாய் முழுக்க விரிந்திருக்கும்போது வீல்காரருக்கு முன்னால் துணிதான் தெரியும், கடல் தெரியாது. மூக்கில் நிற்பவர்தான் அவருக்குக் கண். பாறைகளுக்கு நடுவே போகும் ஒரு நல்ல உரையாடல் இப்படி இருக்கும்:

"பாறை மூக்குக்கு நேர். திருப்பு லெஃப்ட், பாதி."
"லெஃப்ட் பாதி."
"திருப்பு லெஃப்ட், முழுசு."
"லெஃப்ட் முழுசு."
"போதும். வீல் நடு."
"வீல் நடு."
"இதே திசை. பாறை ரைட்ல போகுது... தாண்டியாச்சு."

இதில் இரண்டைக் கவனியுங்கள். கட்டளையை வாங்கியவர் "சரி" என்று சொல்லவில்லை, கட்டளையையே திருப்பிச் சொல்கிறார். நிஜக் கப்பல்களில் சுக்கான் பிடிப்பவர் செய்வதும் இதுதான். "சரி" என்பதில் எதைக் கேட்டார் என்று தெரியாது. "ரைட் பாதி" என்று திரும்பி வந்தால் தப்பாகக் கேட்டிருக்கிறார் என்று அப்போதே தெரிந்துவிடும், திருத்த நேரமும் இருக்கும். ஆனால் இதை நாலு பேரும் எல்லாவற்றுக்கும் செய்தால் பேச்சுச் சேனல் சந்தைக்கடை ஆகிவிடும். யாருக்குக் கட்டளையோ அவர் மட்டும், அதுவும் வீல் கட்டளைக்கு மட்டும் போதும்.

இரண்டாவது, "வீல் நடு", "இதே திசை" என்ற இரண்டும் வேறு வேறு. பெரும்பாலானோர் இரண்டுக்கும் "நேரா போ" என்பார்கள். வீலை நடுவுக்குக் கொண்டுவந்து விடு என்பது ஒன்று. கப்பல் இப்போது பார்க்கும் திசையை விட்டு விலகாதே, அதற்கு வீலை எப்படி வேண்டுமானாலும் திருப்பிக்கொள் என்பது இன்னொன்று. கடலோடிகள் இதற்கு இரண்டு தனிக் கட்டளை வைத்திருப்பது சும்மா இல்லை.

வீல் கட்டளை எதைக் குறிக்கிறது என்பதில் நிஜக் கடலிலேயே பெரிய குழப்பம் இருந்திருக்கிறது. 1912-ல் டைட்டானிக் பனிப்பாறையைக் கண்டதும் அதிகாரி இட்ட கட்டளை "ஹார்ட் ஏ-ஸ்டார்போர்டு". கப்பலின் முன்பக்கம் திரும்பியதோ போர்ட் பக்கம். அது தவறு இல்லை, அந்தக் காலத்து வழக்கமே அதுதான். சுக்கானோடு சேர்ந்த பழைய காலத்துக் கைப்பிடியை எந்தப் பக்கம் தள்ள வேண்டுமோ அதைத்தான் கட்டளையில் சொல்வார்கள், கப்பல் அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பும். 1930-களில்தான் கப்பல் திரும்ப வேண்டிய பக்கத்தையே கட்டளையில் சொல்வது என்று உலகம் முழுக்க மாறியது. விளையாட்டில் வீலும் கப்பலும் ஒரே பக்கம் திரும்புவதால் இந்தத் தொல்லை வீலில் இல்லை.

பாயில் இருக்கிறது! "பாயை லெஃப்ட்ல திருப்பு" என்று சொன்னால் துணி எந்தப் பக்கம் போக வேண்டும், கயிற்றை எந்தப் பக்கத்திலிருந்து இழுக்க வேண்டும், கப்பல் திரும்பப்போகிறதா என்று மூன்று சந்தேகம். பாய்க்குத் திசையே சொல்லாதீர்கள். "காத்தைப் பிடி" என்று மட்டும் சொல்லுங்கள். காற்று எங்கிருந்து வருகிறது என்பதும், துணி புடைத்து நிற்பதும் பாயில் இருப்பவருக்கே தெரியும். அதேபோல் "பாயை இறக்கு" என்பதும் ஆபத்தான சொல். துணி கீழே இறங்கினால் கப்பல் வேகம் எடுக்கும், ஆனால் கேட்பவர் பாயை எடுத்துவிடச் சொல்கிறார்கள் என்று நினைக்கலாம். "விரி", "சுருட்டு" என்றால் சந்தேகம் வராது. நங்கூரத்துக்கும் "விடு" வேண்டாம். "நங்கூரத்தை விடு" என்றால் கடலில் விடுவதா, தொடாமல் விடுவதா? "போடு", "தூக்கு" என்று சொல்லுங்கள்.

எதிரியின் திசையைச் சொல்லும்போதும் இதே கதை. "அவன் லெஃப்ட்டுக்குத் திரும்பறான்" என்றால் அவனுடைய லெஃப்டா, நம்முடையதா? எதிரில் வருகிறவனுக்கு இரண்டும் நேர்மாறு. அவனை நமக்கு வைத்து மட்டும் சொல்லுங்கள்: "நம்ம பக்கம் வரான்", "விலகறான்", "மூக்குக்குக் குறுக்கே போறான்", "வாலுக்குப் போறான்". கடைசி இரண்டும் அவசரச் செய்தி. மூக்கிலும் வாலிலும் நம் பக்கவாட்டுப் பீரங்கிகள் எட்டாது, அவன் பக்கம் முழுக்க நம்மைப் பார்க்கும்.

கீழ்த்தட்டைப் பற்றிச் சுருக்கமாக. ஓட்டை அடைக்க ஓடுகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது எந்தத் தட்டு, அப்புறம்தான் பக்கம்: "ஓட்டை, அடித்தட்டு, லெஃப்ட் வால்." படியில் சுற்றிச் சுற்றி இறங்கியதும் மூக்கு எது வால் எது என்று மறந்துபோவது சகஜம். கேப்டன் அறை இருப்பது வால் பக்கம் என்பதை நினைவில் வைத்தால் திசை மறக்காது. தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையும் கீழே இருப்பவர் தானாகவே அவ்வப்போது சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். மேலே இருப்பவர் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை வந்தால் அநேகமாகத் தாமதம்தான்.

ஆளின் பெயரைச் சொல்லி அழைப்பதா, வேலையைச் சொல்லி அழைப்பதா? நண்பர்கள் பெயரைத்தான் சொல்வார்கள். ஆனால் சண்டையில் ஆட்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள், செத்துத் திரும்பி வருவார்கள். வீலில் இப்போது யார் என்று நினைவில்லாமல் "மச்சான், திருப்பு" என்றால் மூன்று மச்சான்களும் திரும்பிப் பார்ப்பார்கள். "வீல், திருப்பு ரைட்" என்றால் யார் பிடித்திருந்தாலும் அவருக்குப் புரியும். வீலை விட்டுப் போகிறவர் "வீல் காலி" என்று சொல்லிவிட்டுப் போவது கட்டாயம். ஓட்ட ஆளே இல்லாத கப்பலுக்கு மூக்கில் நின்று கட்டளை கொடுத்துக்கொண்டிருப்பவரைப் போல் பாவப்பட்டவர் கடலில் யாரும் கிடையாது.

மூன்று பேர் ஓட்டும் பிரிகண்டைனுக்கும் இதெல்லாம் அப்படியே பொருந்தும். இரண்டு பேர் ஓட்டும் ஸ்லூப்பில் பாதி தேவைப்படாது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே ஓட்டிவிடலாம். கன்ஸ் ஆஃப் இகாரஸ் போல வானில் பறக்கும் கப்பல் விளையாட்டு என்றால் இன்னொரு அச்சு சேரும்: பக்கத்துக்குப் பிறகு "மேலே", "கீழே". அதில் தொலைநோக்கியால் எதிரியைக் குறித்துவிட்டால் கூட்டாளிகள் எல்லாருக்கும் தெரியும்படி அடையாளம் விழும், பாதிப் பேச்சு மிச்சம். அப்படி வசதி இருக்கும் விளையாட்டில் வாயால் கத்துவதற்கு முன் குறித்துவிடுவது நல்லது.

முன்பின் தெரியாதவர்களோடு விளையாட நேர்ந்தால் இந்த மூக்கு, வால் பாடமெல்லாம் நடத்த முடியாது. நங்கூரம் தூக்கும்போது ஒரே ஒரு வரி: "லெஃப்ட் ரைட்னா கப்பலோடது, ஓகேவா?" பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மைக் இல்லாதவர் இருந்தால் அவரை மூக்கிலோ பாய்மர உச்சியிலோ காவல் வைக்காதீர்கள், அவர் பார்த்ததை யாருக்கும் சொல்ல முடியாது. வீல் அவருக்குப் பொருத்தமான இடம். கேட்டால் போதும், பேச வேண்டியதில்லை. கட்டளையைத் திருப்பிச் சொல்லவும் முடியாதுதான், ஆனால் கப்பல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதே அவருடைய பதிலாக இருக்கும். அதைக் கவனித்து, தப்பாக இருந்தால் உடனே திருத்துவது மூக்கில் நிற்பவர் பொறுப்பு.